இரண்டாவது கோப்பைக் கஞ்சி

என் மச்சாள் செல்லத்தங்கத்தை மாடு இடித்த கதையை எங்கள் ஒழுங்கைத் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதில் பாதி புளுகு. மாட்டின் கொம்பு இரண்டு முழம் என்கிறார் ஒருவர். அது மாடே இல்லை, எருமை என்கிறார் இன்னொருவர். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்தவளும் நான், அடுத்த வீட்டில் இருந்து கஞ்சியும் சோறும் கொடுத்தவளும் நான். ஆகவே நான் சொல்வதைக் கேளுங்கள். நடுவில் எனக்குக் கோபம் வரும், அதையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லத்தங்கம் என் புருஷன் நல்லரெத்தினத்தின் அக்கா. கல்முனையில் மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் தனியாக இருக்கிறார். பென்சன் எடுத்த பிறகும் சைக்கிளை விடவில்லை. தமிழ் வீடோ முஸ்லிம் வீடோ, பிள்ளை பிறந்தால் “மிஸ்ஸுக்குச் சொன்னதா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். யாருக்காவது சுகமில்லை என்றாலும் போவார். போய் உபதேசம் செய்யமாட்டார். கழுவாமல் கிடக்கிற சட்டி பானையைக் கழுவி வைப்பார், நோயாளியின் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிடுவார், சிரிக்கச் சிரிக்க ஏதாவது கதைத்துவிட்டு வருவார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது வேலி தாண்டி வந்து என் தையல் மெசின் சத்தத்துக்கு மேலாகக் கேட்கும்.

நான் அப்படியில்லை. பூசையில் நன்மை அப்பம் நாவில் வாங்கிவிட்டு, கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் ஒருத்தியோடு சண்டை பிடித்திருப்பேன். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வருஷம் முஸ்லிம் ஆட்களின் நோன்பும் கத்தோலிக்கரான எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. நோன்பு மாதத்தில் எனக்குத் தலை நிமிர நேரமிராது. பெருநாளைக்கு உடுக்க அபாயா, சல்வார், சின்னப் பிள்ளைகளின் சட்டை என்று துணி மூட்டை மூட்டையாக வந்து குவியும். தவக்காலத்து முதல் வெள்ளி, பொழுதுபட்ட நேரம். ஒரு அபாயாவுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். என் புருஷன் போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

“அக்காவ மாடு இடிச்சிட்டாம்.”

“எந்த மாடு?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் மனுஷருக்கு என்ன கேட்பதென்று தெரிகிறதா?

எங்கள் பிரதான வீதியில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பொழுதுபட்டால் தார் ரோட்டின் சூட்டுக்கு நடு வீதியிலேயே வந்து படுத்துவிடும். மச்சாள் அன்று தனக்குப் பழக்கமான முஸ்லிம் பெண் நஸ்லியாவின் வீட்டுக்குப் போயிருந்தார். நஸ்லியாவின் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் வரும்போது, படுத்துக் கிடந்த ஒரு சிவப்புக் காளை, என்ன நினைத்ததோ, எழும்பித் திரும்பியதாம். சைக்கிள் ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம். பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பொடியன்கள் ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் ஒருவன் மச்சாளின் கையில் பிறந்தவன். வழி முழுக்க அவன்தான் அழுதுகொண்டு போனானாம், மச்சாள் அவனைத் தேற்றிக்கொண்டு போனாராம்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பிளாஸ்டர் கட்டோடு வீட்டுக்கு விட்டார்கள். காளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அது படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்ததை நானே கண்டேன். கல்லெடுத்து எறியலாம் என்று குனிந்தேன், சனம் நின்றபடியால் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் நோயாளி பார்க்க யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மச்சாளின் மேசை பால்மா, மாரி பிஸ்கட், தோடம்பழம் என்று நிரம்பி வழிந்தது. அது போதாதென்று வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணமும் கொண்டுவந்தார்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

பாண்டிருப்பிலிருந்து குஞ்சம்மா வந்தார். மச்சாளோடு ஒன்றாகப் படித்தவர். வந்து உட்கார முன்னமே, “செல்லத்தங்கம், உனக்கு என்ன நட்சத்திரம்?” என்றார்.

“எங்களுக்கு அதெல்லாம் பாக்கிறல்ல, குஞ்சம்மா.”

“நீ பாக்காட்டி சனி உன்னப் பாக்காம விடுமா? இது ஏழரச் சனிதான். முன்ன எப்பயோ செய்த ஒண்டு இப்ப வந்து நிக்கிது.”

மீன் கொண்டுவரும் மீராசாஹிபு வேலிப் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு பாரை மீனை என் கையில் திணித்தார். “மிஸ்ஸ பொறுமையா சபூர் செய்யச் செல்லுங்க தங்கச்சி. நோவு வந்தா மனுசன்ட பாவம் கழியும்.” பாவம், நல்ல மனுஷன். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அவர் குரலோ கடற்கரையில் ஏலம் கூறிப் பழகிய குரல். உள்ளே படுத்திருந்த மச்சாளுக்கு ‘மனுசன்ட பாவம்’ என்ற அந்தச் சொல் மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது.

கடைசியாக வந்தவர் பிலோமினாக்கா. எங்கள் செபக்கூட்டத் தலைவி. வெள்ளைச் சேலையும் பெரிய செபமாலையுமாக வந்து கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்தார். “ஆண்டவர் காரணமில்லாம அடிக்க மாட்டார், செல்லத்தங்கம். அவர் நேசிக்கிறவங்களத்தான் அடிப்பார். எங்கயோ ஒரு பிழ நடந்திருக்கும். வடிவா யோசிச்சுப் பாருங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பிலோமினாக்கா, உங்களுக்கு இவ்வளவு காலத்தில ஒரு தும்மல் தடிமன்கூட வந்ததில்லயே. ஆண்டவருக்கு உங்களில அப்படி என்ன கோவம்?”

“வசந்தினி, உன்ட வாய்!” என்றார். தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

இப்படி ஒன்றை நான் சொன்னால் மச்சாள் வழமையாகக் கட்டில் ஆட ஆடச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு, “அவ சொல்றதிலயும் ஒண்டு இரிக்கு, வசந்தி,” என்றார். அந்த நேரம்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் ஆள் ஒடுங்கிப்போனார். சுவரில், கட்டிலுக்கு நேர் எதிரே, பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது. அவருடைய அம்மா காலத்துச் சுரூபம், சிலுவையில் இயேசுநாதர் தலையைச் சாய்த்தபடி இருப்பார். ஒரு நாள் காலை, “கட்டில மத்தப் பக்கம் திருப்பிப் போடு, வசந்தி,” என்றார்.

“ஏன், காத்து வருகுதில்லையா?”

“அவர்ட முகத்தப் பாக்க ஏலாம இரிக்கு.”

திருப்பிப் போட்டேன். போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து குசினி அடுப்படியில் குந்தியிருந்து அழுதேன். எலும்பு பொருந்திவிடும், அதை டொக்டர் சொல்லிவிட்டார். இந்த மனுஷியின் சிரிப்பு திரும்பி வருமா? அதைச் சொல்ல எந்த டொக்டரும் இல்லை. அந்தச் சிரிப்பு இல்லாமல் என் மெசின் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஃபாதர் பவிதரன் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுவரும் நாள் வந்தது. இளம் ஆள், கிற்றார் எல்லாம் வாசிப்பார். மச்சாள் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஃபாதர் வெளியே வந்தார். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, முற்றத்து மாமரத்தையே பார்த்தபடி நின்றார். அது என்ன முகம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

“ஃபாதர், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதிங்க. நான் ஊரெல்லாம் சண்ட பிடிச்சுத் திரியிறன். என்ன ஒரு ஆட்டுக்குட்டிகூட முட்டினதில்ல. பூச்சி புழுவுக்கும் தீங்கு நினைக்காத மனுசிக்கு ஏன் இப்படி?”

“எனக்குத் தெரியா, அக்கா.”

“என்ன ஃபாதர்! இதுக்கா இவ்வளவு வருசம் படிச்ச நீங்க?”

“தெரியும் எண்டு சொன்ன ஆக்கள் நிறையப் பேர் வந்து போயிரிக்காங்க போல,” என்று அவர் உள்ளே மேசையில் குவிந்திருந்த பிஸ்கட்டைக் கண்ணால் காட்டினார். “பிறவிக் குருடன் ஒருத்தனக் கண்டு சீடர்மார் இதத்தான் கேட்டாங்க. இவன்ட பாவமா, இவனப் பெத்தாக்கள்ட பாவமா எண்டு. ரெண்டுமில்ல எண்டார் ஆண்டவர். நிண்டு பிரசங்கம் வைக்கல்ல. குனிஞ்சு மண்ணக் குழைச்சு அவன்ட கண்ணில பூசினார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

எனக்கு அது போதவில்லை. என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். போகும்போது அந்த மனுஷன் வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, கிணற்றடியில் வெறுமையாகக் கிடந்த வாளிகளை எல்லாம் நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மச்சாளுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாய் திறந்தார்.

“வசந்தி, மாடு இடிச்ச அண்டைக்கு வெள்ளிக்கிழம.”

“ஓம், தெரியும்.”

“தவக்காலத்து வெள்ளி. நான் நஸ்லியா வீட்டில இறைச்சி திண்டிட்டன்.”

தவக்காலத்து வெள்ளியில் நாங்கள் மாமிசம் தொடமாட்டோம். மச்சாளோ சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளிகளில் முட்டைகூட உடைக்காத ஆள். நான் துணியைப் பிழிந்தபடி அவரைப் பார்த்தேன்.

“நோன்பு திறக்கிற நேரம். பாங்கு சொன்ன உடன கஞ்சி ஊத்தினாங்க, எனக்கும் ஒரு கோப்ப. ரெண்டாம் வாயிலதான் பல்லில பட்டது. மாட்டிறைச்சி.”

“துப்பியிருக்கலாமே?”

“காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காத சனம், தங்கட வாயில வைக்க முன்ன எனக்குத் தந்தது. அவங்க முகத்துக்கு முன்னால துப்புறதா?”

“அப்ப குடிச்சது சரிதானே!”

மச்சாள் தலையைக் குனிந்தார். காது சிவந்துவிட்டது. “முதல் கோப்ப சரி. நான் இன்னொரு கோப்ப கேட்டு வாங்கின நான்.”

துணியைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போட்டேன்.

“அவ்வளவு ருசி, வசந்தி,” என்றார் மெதுவாக. “குடிச்சிட்டு வெளிக்கிட்டு ரோட்டுக்குத்தான் வந்திருப்பன். மாடு! மோட்டார் சைக்கிள் இல்ல, லொறி இல்ல, மாடு! இதுக்கு மேல ஆண்டவர் எப்படிச் சொல்லுவார்?”

நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து அறை முழுக்க வெள்ளம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் காலில் சாய்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மச்சாளின் கண்ணிலிருந்து கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“ஃபாதரும் உன்னப் போலத்தான், சிரிப்ப அடக்கப் பட்ட பாடு. மன்னிப்புத் தந்தவர். மன்னிச்சிட்டார் எண்டா நோவு நிக்க வேணுமே? நிக்கல்ல. அப்ப இன்னும் என்னவோ இரிக்கு. பழசெல்லாம் தோண்டித் தோண்டிப் பாத்துக்கொண்டு கிடக்கிறன்.”

இப்போது எனக்கு வந்தது உண்மையான கோபம். “மச்சாள், சுனாமிக்குப் பிறகு முகாமில ஒராள் மைக்கப் பிடிச்சுக்கொண்டு, இது பாவத்துக்கு வந்த தண்டன எண்டு கத்தினானே, ஞாபகம் இரிக்கா? அவன்ட கையிலிருந்து மைக்கப் பறிச்சது ஆரு?”

மச்சாள் போர்வை நுனியைச் சுருட்டினார்.

“நீங்கதானே! பிள்ளையக் கடலுக்குக் குடுத்த தாய்மாருக்கு முன்னால இப்படிக் கதைக்க உனக்கு வாய் எப்படி வந்தது எண்டு கேட்டது நீங்கதானே! அந்தப் பிள்ளையள் எந்த வீட்டுக் கஞ்சியக் குடிச்சதுகள்?”

“அது மத்தாக்கள், வசந்தி.”

“நீங்க மட்டும் ஆரு?”

“மத்தாக்களுக்கு எண்டா எனக்கு வடிவா விளங்குது,” என்றார். “எனக்கெண்டு வரக்குள்ள விளங்குதில்ல.”

தரையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கிடையில் எங்கள் ஒழுங்கைக்குச் சிலுவைப்பாதை வரும் வெள்ளி நெருங்கியது. தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை ஃபாதரும் சனமும் மரச்சிலுவையைச் சுமந்துகொண்டு ஒழுங்கை வழியாக வருவார்கள். இயேசுவின் பாடுகளின் பதினான்கு நிலைக்கும் பதினான்கு படலைகள். ஒவ்வொரு படலையிலும் வெள்ளை விரித்த மேசை, மெழுகுதிரி, அந்த நிலையின் படம். அந்த வீட்டு ஆள்தான் புத்தகத்தைப் பிடித்து வாசிக்க வேண்டும். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷம் கடல் பக்கமிருந்து தொடங்கியது. எண்ணிப் பார்த்தால் மச்சாளின் படலைக்கு மூன்றாம் நிலை. இயேசு முதல்முறை கீழே விழுகிறார். எனக்கு நாலாம் நிலை.

பிலோமினாக்கா வந்து சொன்னபோது மச்சாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “இந்த முறை என்ட வீட்டில வேணாம், அக்கா. அவர் பாவமில்லாம விழுந்தவர். தண்டன பட்டு விழுந்தவள்ட வாசலில வைச்சு என்னத்துக்கு அவரக் கேவலப்படுத்துறது?”

“அதுவும் சரிதான்,” என்றார் பிலோமினாக்கா. “மூண்டாவதையும் வசந்தினி வீட்டிலயே வைப்பம்.”

அதுவும் சரிதானாம்! நான் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறேன் என்று என் புருஷனுக்குத் தெரியும். பாவம், அன்று முழுக்க அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் பெருநாள் உடுப்புக்கு ஆட்கள் நின்றார்கள். “நாளைக்கு வாங்க,” என்று அனுப்பிவிட்டு மெசினை மூடினேன். என் வீட்டு மேசையைப் புருஷனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நேரே மச்சாளின் படலைக்குக் கொண்டுபோய் வைத்தோம்.

“அக்கா ஏசுவா,” என்றார் அவர்.

“ஏசட்டும். ஏசிச் சத்தம் போட்டாலே எனக்குச் சந்தோசம்.”

யன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “வசந்தி! அத எடு அங்கிருந்து!”

“ஏலா மச்சாள், மேச பாரம்!”

வெள்ளை விரித்தேன். செவ்வரத்தைப் பூ பறித்து வைத்தேன். மூன்றாம் நிலைப் படத்தை, யன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, வேண்டுமென்றே சாய்த்து வைத்தேன். சிலுவை மேலே, ஆண்டவர் கீழே, முழங்காலும் கையும் தெருவில். நல்ல பெரிய படம்.

பாட்டுச் சத்தம் கிட்ட வந்தது. முன்னால் சிலுவையைத் தோளில் வைத்தபடி ஃபாதர் பவிதரன், பின்னால் சனம். பிலோமினாக்கா மேசை நிற்கிற இடத்தைக் கண்டு என்னை முறைத்தார். நான் பார்க்காத மாதிரி புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எல்லாரும் மணலில் முழந்தாளிட்டார்கள்.

“மூன்றாம் நிலை. இயேசு முதல்முறை கீழே விழுகிறார்,” என்று வாசித்தேன்.

அதற்குக் கீழே தியானம் நீளமாக இருந்தது. வாசிக்கப் பார்த்தேன். எழுத்துகள் கலங்கிப்போயின. யன்னலுக்குள் மச்சாளின் வெள்ளைக் கட்டுப் போட்ட கால் தெரிந்தது. எவ்வளவு நோயாளிகளின் காலைப் பிடித்துவிட்ட மனுஷி, இன்று தன் ஆண்டவருக்கே முகம் காட்ட வெட்கப்பட்டு உள்ளே ஒளிந்துகொண்டு கிடக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. புத்தகத்தை மூடினேன்.

“மச்சாள்!” என்று கூப்பிட்டேன். “இஞ்ச பாருங்க! இவரும் ரோட்டிலதான் விழுந்து கிடக்கார். கேக்கிறன், இவர் ஆர்ட வீட்டில கஞ்சி குடிச்சவர்?”

பிலோமினாக்கா வாயைத் திறந்தபடி இருந்தார். என் புருஷன் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்தார். ஃபாதர் மட்டும் சடாரென்று குனிந்து தன் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். அவரின் தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று சனம் நினைத்திருக்கும்.

யன்னலில் ஒரு சத்தமும் இல்லை. தொடங்கியதை விடுவதா? “சொல்லுங்க மச்சாள்! இவரும் ரெண்டாம் கோப்ப கேட்டவரா?”

முதலில் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. பிறகு ஒரு விக்கல். அதற்குப் பிறகு வந்ததே சிரிப்பு! ஆறு வீட்டுக்குக் கேட்கிற அந்தப் பழைய சிரிப்பு! கட்டில் ஆடுகிற சத்தம் வெளியில் கேட்டது. எதற்கென்றே தெரியாமல் முழந்தாளில் நின்ற சின்னப் பிள்ளைகளும் சிரிக்கத் தொடங்கின. நான் சிலுவைப்பாதை என்றும் பார்க்காமல் தெருவில் நின்று ஓவென்று அழுதேன்.

சற்றுப் பொறுத்து, நாலுகால் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி மச்சாள் வாசலுக்கு வந்தார். தலை கலைந்து, முகம் முழுக்கக் கண்ணீர். என் புருஷன் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். மச்சாள் உட்கார்ந்து கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தார். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறார்!

“வசந்தி,” என்றார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “இவ்வளவு நாளும் நான், அவர் மேல இருந்து மாட்ட ஏவி விட்டவர் எண்டெல்லோ நினைச்சன். அவர் கீழயெல்லோ கிடந்திரிக்கார். எனக்குப் பக்கத்தில, அந்த ரோட்டில.”

ஃபாதருக்கு அது கேட்டதோ என்னவோ, எழும்பி, தோளிலிருந்த சிலுவையை இறக்கி, மச்சாளின் கதிரையோடு சாய்த்து வைத்தார். மச்சாள் அந்த மரத்தில் கையை வைத்தார். எல்லாரும் முழந்தாளில் இருக்க, அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அதை ஒருமுறை தடவிவிட்டு, “சரி ஃபாதர், தூக்குங்க. இன்னும் ரெண்டு தரம் விழ இரிக்கு அவருக்கு,” என்றார்.

மூன்றாம் நிலையின் தியானத்தை நான் வாசிக்கவேயில்லை. பிலோமினாக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார். நாலாம் நிலைக்கு என் படலையில் வெறும் படம் மட்டும் வேலியில் தொங்கியது. மேசை மச்சாளின் வாசலில் இருந்ததே, நான் என்ன செய்ய?

சிலுவைப்பாதை முடிந்து சனம் கலைந்த பிறகு மச்சாளை உள்ளே கூட்டிவந்தேன். “கட்டிலப் பழைய பக்கம் திருப்பு,” என்றார். திருப்பினேன்.

“நோவு எப்படி?” என்று கேட்டேன்.

“அது அப்படியேதான் இரிக்கு,” என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். “ஏன் எண்டும் இன்னும் விளங்கல்ல. விளங்காட்டிப் போகட்டும்.”

அப்போது வாசலில் யாரோ தயங்கி நிற்கிற மாதிரித் தெரிந்தது. நஸ்லியா. கையில் துணி சுற்றிய பாத்திரம். மாடு இடித்த நாளிலிருந்து இந்தப் பெண் இந்தப் பக்கம் தலைகாட்டவேயில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது.

“உள்ள வா புள்ள,” என்றேன்.

வந்தவள் மச்சாளின் காலைக் கண்டதும் அழத் தொடங்கினாள். “எங்கட வீட்டுக்கு வந்துதானே மிஸ்ஸுக்கு இப்படியாகிட்டு. உம்மாவும் செல்லிச் செல்லி அழுறா. உங்களுக்கு வெள்ளிக்கிழம இறைச்சி ஆகாதெண்டு தெரிஞ்சிருந்தும் அண்டைக்கு அவசரத்தில மறந்து கஞ்சி தந்திட்டமாம். அதுக்குத்தான் அல்லாஹ் இப்படிக் காட்டினானோ எண்டு எங்களுக்கு ஒரே பயம், மிஸ். அதான் முகத்தில முழிக்க வெக்கமா இருந்திச்சி.”

நானும் மச்சாளும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த வீட்டிலும் இதே மாட்டுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷி அழுதுகொண்டு இருந்திருக்கிறார்.

“இஞ்ச வா புள்ள,” என்று மச்சாள் அவளை இழுத்துக் கட்டிலில் இருத்தினார். “அந்த மாடு உங்கட வீட்டு மாடா?”

“இல்ல, மிஸ்.”

“உம்மாவா அவிழ்த்து விட்டா?”

“இல்ல, மிஸ்.” அழுகைக்குள்ளும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அப்ப உம்மாட்டச் சொல்லு, மிஸ் நல்லா இரிக்கா, இனி அழக்கூடா எண்டு. நாளைக்கு உம்மாவ வரச் சொல்லு. பிஸ்கட் கொண்டுவர வேணாம், இனி வைக்க இடமில்ல.”

பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. இருட்டுப்படுகிற நேரம் அவளைத் தனியே ரோட்டில் விட மச்சாளுக்கு மனமில்லை. “இஞ்சயே இருந்து நோன்பு திற,” என்று பிடித்து வைத்துவிட்டார். நான் கோப்பைகள் கொண்டுவந்தேன். நஸ்லியா பாத்திரத்தைத் திறந்தாள். ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கஞ்சி வாசம் அறை முழுக்கப் பரவியது.

“இண்டைக்கும் வெள்ளிதானே,” என்றாள். “இறைச்சி போடல்ல, மிஸ். கரட்டும் பருப்பும்தான்.”

பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. நான் மச்சாளுக்குக் கோப்பையை நீட்டினேன். அவர் அதை வாங்கி முதலில் நஸ்லியாவின் கையில் கொடுத்தார். “நீதான் பசி கிடந்த. நீ முதல் குடி.” அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஓதிவிட்டு, ஒரு வாய் குடித்தாள். அதன் பிறகுதான் மச்சாள் தன் கோப்பையை எடுத்தார்.

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கோப்பையின் அடியை விரலால் வழித்தார். பிறகு சுவரில் தொங்கிய சுரூபத்தை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நஸ்லியா,” என்று கோப்பையை நீட்டினார். “இன்னொரு கோப்ப ஊத்து.”

அந்த நேரம் பார்த்துப் பிரதான வீதிப் பக்கமிருந்து ஒரு மாடு நீளமாகக் கத்தியது. நஸ்லியாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டது. நான் மச்சாளைப் பார்த்தேன்.

“அது கத்தட்டும்,” என்றார் மச்சாள். “நீ ஊத்து.”